இலத்தீன் மரச்சொற்களும் தமிழாக்கமும்

இலத்தீனிலிருந்து தமிழாக்குவோர் தயங்கி நிற்கும் இடங்களுள் மரம் பற்றிய சொற்களும் அடங்கும். நின்று வளரும் மரம் அம்மொழியில் 'ஆர்போர்'. எரிபொருளாகும் மரம் 'லிக்னும்'. கட்டட வேலைக்குரியது 'மாத்தேரியா'. மூன்றையும் 'மரம்' என்றே எழுதிவிடுவது எளிது, பிழையும் அன்று, ஆனால் எல்லா இடத்திற்கும் அது போதாது.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உரோமச் சட்ட அறிஞர் உல்பியன் இவ்வேறுபாட்டை வரையறுத்துள்ளார். லிக்னும் பொதுப்பெயர், எனினும் கட்டுவதற்கும் முட்டுக்கொடுப்பதற்கும் வேண்டப்படுவது மாத்தேரியா, எரிப்பதற்கென ஆயத்தம் செய்யப்பட்டது லிக்னும் என்பது அவர் கருத்து. 533-இல் வெளிவந்த ஜஸ்டினியனின் சட்டத்தொகுப்பில் இப்பகுதி இடம்பெற்றுள்ளது. உயிலில் ஒருவர் தம் 'லிக்னும்' அனைத்தையும் எழுதிவைத்தால் உத்தரத்துக்கென வைத்திருந்ததும் அதில் சேருமா? 'மரம்' என்று பெயர்த்தால் இவ்வினாவே எழாது. 'விறகு', 'வெட்டுமரம்' எனப் பிரித்தெழுதுதல் இங்குக் கட்டாயம். மைசூர் வட்டாரக் கன்னடம் 'மர', 'மரமுட்டு', 'சௌதெ' எனவும், மலையாளம் 'மரம்', 'தடி', 'விறகு' எனவும் இப்பாகுபாட்டைத் தெளிவாகவே காக்கின்றன.

மாறாக, தமிழின் பொதுச்சொல்லே மொழிபெயர்ப்பாளருக்குக் கைகொடுக்கும் இடமும் உண்டு. எபிரேயத்தின் 'ஏத்ஸ்', தமிழ் மரத்தைப் போலவே, நிற்பதையும் வெட்டப்பட்டதையும் குறிக்கும். அதனைப் பின்பற்றி ஜெரோமின் இலத்தீன் விவிலியம் ஏதேன் தோட்டத்து மரத்தையும் ஆர்போர் என்னாது லிக்னும் என்றே கூறியது. சிலுவையும் லிக்னும் ஆதலால் இரண்டுக்கும் இடையே இறையியலார் கண்ட உறவு சொல்லிலேயே அமைந்தது. 'சிலுவை மரம்' என்னும் தமிழ் வழிபாட்டு வழக்கு அவ்வுறவை முயற்சியின்றியே தருகிறது.

அறிவியல் தமிழுக்கு வரும்போது நிலைமை வேறு. தமிழ்நாட்டுத் தாவரவியல் பாடநூல்கள் 'அல்பூர்னும்' என்பதைச் 'சாற்றுக்கட்டை' எனவும், 'டூராமென்' என்பதை 'வைரக்கட்டை' எனவும் தருகின்றன. இவ்விணை ஒரே நெறியில் அமையவில்லை. ஆங்கிலம் ஒன்றைச் சாற்றாலும் மற்றொன்றை இருக்கும் இடத்தாலும் பெயரிடுகிறது. இலத்தீனோ ஒன்றை வெண்மையாலும் மற்றொன்றை வன்மையாலும் பெயரிடுகிறது. வைரம் என்பது வன்மை. ஆகவே 'வைரக்கட்டை' இலத்தீனின் வழி வந்தது. 'சாற்றுக்கட்டை' ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பு.

வெண்மையடியாகப் பிறந்த சொல் தமிழில் இல்லாமலில்லை. 'வெளிறு' என்பது வெண்மையையும், மரத்தின் வைரமற்ற தன்மையையும் ஒருங்கே உணர்த்துவது. அல்பூர்னும் பிறந்த அதே பொருட்பாதையில் தமிழும் தனித்துச் சென்றிருப்பது ஒப்பியல் நோக்கில் குறிப்பிடத்தக்கது. வெளிறுக்குக் குற்றம், அறியாமை என்னும் பொருள்களும் இருப்பதால் கலைச்சொல்லாக்குவோர் அதைத் தவிர்த்திருக்கக்கூடும். இது வலுவான காரணமாகத் தோன்றவில்லை. பிளினியும் அல்பூர்னுமை எளிதில் மட்கும், புழு அரிக்கும் பகுதியாகவே காண்கிறார். தச்சன் பார்வையில் அது குறைதானே. உயிருள்ள மரத்தில் நீரைக் கடத்துவது இப்பகுதியே ஆதலின், உடலியங்கியல் பாடத்தில் சாற்றுக்கட்டை இருந்துவிட்டுப் போகட்டும். மரவேலை, காட்டியல், கட்டடக்கலை நூல்களில் வெளிறே பொருந்தும்.

தொல்காப்பிய மரபியல் அகத்தே காழுடையதை மரம் என்றும் புறத்தே காழுடையதைப் புல் என்றும் வகுப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பனையும் தெங்கும் அவ்வகையில் புல்லே. பனையின் வைரம் புறத்தே இருக்கிறது. உள்ளே இருப்பது சோறு. எனவே 'வைரக்கட்டை' என்பதை ஆங்கிலச் சொல்லின் இடப்பொருளோடு சமப்படுத்திப் பனைக்கும் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பாளர், வீட்டுக்கூரைக்கு உதவும் புறப்பகுதியை விட்டு, உதவாத உட்பகுதியை வைரம் என்று எழுத நேரிடும். டூராமெனின் வேர்ப்பொருளை நோக்கியவருக்கு இவ்வழு நேராது.