மணி அடிக்காத நாட்கள்

கத்தோலிக்கத் திருவிழா ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், திருவிழா அன்றைக்குப் போகாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். அன்று சீரியல் பல்பும் பேண்டு வாத்தியமும் வாணவேடிக்கையும் பார்க்கலாம், ராட்டினத்தில் ஏறலாம், பஜ்ஜி சாப்பிடலாம். எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மணி ஏன் அத்தனை நேரம் அடிக்கிறது, கிழவிகள் ஏன் அந்த ஒரு பாட்டுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள் என்பது பிடிபடாது. திருச்சபை ஒரு பொருளைக் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பல நாள் ஒளித்துவைக்கும். எது, எப்போது காணாமல் போகிறது என்று கவனிக்கப் பழகிவிட்டால் போதும், ஆண்டு முழுக்க ரசிக்கலாம்.

ஒளித்துவைப்பது மிகத் தெளிவாகத் தெரிவது தவக்காலத்தில். உயிர்ப்பு ஞாயிறுக்கு 46 நாள் முன்னால், விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசுவதோடு தொடங்கும். போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று வாங்கிவந்து, வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்த ஓலைகள்தான் அந்தச் சாம்பல். விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறுகளில் பல கோவில்களில் ஒரு பெட்டியோ கூடையோ வைத்திருப்பார்கள். காய்ந்து சுருண்ட ஓலைச் சிலுவைகள் அதில் வந்து விழும். தவக்காலத்தை அங்கிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போய்க் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பூசைத் தொடக்கத்தில் பாடும் 'வானவர் கீதம்' இருக்காது. நற்செய்திக்கு முன்னால் எப்போதும் வரும் 'அல்லேலூயா' இருக்காது, அதன் இடத்தில் வேறொரு வசனம் வரும். பீடத்தில் பூ இல்லை. குருவானவரின் உடுப்பு ஊதா. வாத்தியங்கள் பாட்டுக்குத் துணை போகலாமே தவிர, தனியாக வாசிக்கக் கூடாது என்பது சட்டம். கீபோர்டில் ரிதம் போட்டே பழகிப்போன பாடகர் குழுவுக்கு இது பெரிய சோதனை. சட்டத்தைக் காற்றில் பறக்கவிடும் பங்குகளும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் அகப்பட்டுக்கொண்டால், பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிவிடுவது நல்லது. சிலுவைப்பாதை எங்கே போனாலும் கிடைக்கும். வெள்ளிதோறும் சுவரில் தொங்கும் 14 படங்களுக்கு முன்னால் நின்று, முழங்காலிட்டு, எழுந்து நகர்வார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்காமல் கூடவே நடந்துபோனால்தான் அதன் தாளம் காலுக்குப் பிடிபடும்.

இலங்கையில் தவக்காலத்துக்கு என்றே ஒரு செல்வம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒல்லாந்தர் ஆட்சிக்கு நடுவே பணி செய்த கோவாக்காரக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்'. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அந்த உரைநடையை ராகம் போட்டு வாசிப்பார்கள். நம் ஊர் ஒப்பாரி கேட்டுப் பழகிய காது அந்த இழுப்பை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

இந்த ஊதாவுக்கு நடுவில் சில ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடிப்பது தனி ருசி. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு ஒருநாள் மட்டும் உடுப்பு ரோஜா நிறத்துக்கு மாறலாம், பீடத்தில் பூ வைக்கலாம். மார்ச் 19 சூசையப்பர் திருநாள், அன்று வெள்ளை உடுப்பு, வானவர் கீதமும் உண்டு. மார்ச் 25 இன்னும் நுட்பமானது. கபிரியேல் சம்மனசு மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன நாள். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணுங்கள், டிசம்பர் 25 வரும். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, கடவுள் மனிதர் ஆனார் என்ற இடத்தில் மற்ற நாட்களில் குனிந்து வணங்குவதோடு சரி. முழங்காலிடுவது வருடத்தில் இரண்டே நாள், கருவான இந்த நாளிலும் பிறந்த அந்த நாளிலும். வார நாளில் வருவதால் மார்ச் 25 பூசைக்கு நாலு பேர்தான் இருப்பார்கள். போய் ஐந்தாவது ஆளாக உட்காருங்கள்.

பிறகு பெரிய வியாழன் சாயங்காலம். தவக்கால ஞாயிறுகளில் கேட்காத வானவர் கீதம் திடீரென்று வரும். கோவில் மணி, பீடத்து மணி எல்லாம் ஒன்றாக அடிக்கும். பாட்டு முடிந்ததும் அத்தனையும் வாய் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு மணி அடிக்க வேண்டிய இடத்தில் பல கோவில்களில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த வறட்டு ஓசையை ஒருமுறை கேட்டவருக்கு அந்தச் சாயங்காலம் மறக்காது. பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவதும் அன்றுதான். 2016-இல் போப் பிரான்சிஸ் விதியை மாற்றியதிலிருந்து அந்தப் பன்னிரண்டில் பெண்களும் சேரலாம். பூசை முடிந்து நற்கருணையைத் தனிப் பீடத்துக்குக் கொண்டுபோனதும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கொஞ்சம் இருங்கள். பீடத்துணியை உருவுவார்கள். மெழுகுதிரிக் கால், சிலுவை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். சடங்கு என்று சொல்லும்படி இல்லாமல், வீடு காலி செய்வதைப் போல இரண்டு மூன்று பேர் பேசாமல் செய்யும் வேலை. வெறும் கல்லோ சிமெண்டோ மிஞ்சும்.

பெரிய வெள்ளி, ஆண்டிலேயே பூசை நடக்காத நாள். வழிபாடு வருகைப் பாடல் இல்லாமல் தொடங்கும். குருவானவர் நடந்து வந்து வெறும் பீடத்துக்கு முன்னால் குப்புற விழுந்து கிடப்பார். எத்தனை நேரம் என்று கணக்கு கிடையாது. ஒலிபெருக்கி அணைந்திருப்பதால் மின்விசிறிச் சத்தம் தெளிவாகக் கேட்கும். யாரோ ஒரு குழந்தை 'சாமிக்கு என்ன ஆச்சு' என்று உரக்கக் கேட்கும், அம்மா வாயைப் பொத்துவாள். அன்றைய வழிபாட்டில் எனக்கு இந்தச் சில நிமிஷங்களே போதும். சாயங்காலம் இறந்த இயேசுவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவதும், சில ஊர்களில் கோவில் வாசலில் கஞ்சி ஊற்றுவதும் அதற்குப் பிறகு.

சனி இரவுதான் உச்சம். இந்தத் திருவிழிப்பு பல நூற்றாண்டுகள் இருட்டே இல்லாமல், சனிக்கிழமை காலை வெயிலில் நடந்துகொண்டிருந்தது என்றால் இன்று நம்ப முடியாது. 1951-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர்தான் அதை இரவுக்குத் திருப்பிக் கொண்டுவர வழிவிட்டார். ஆகவே தாமதமாகப் போகாதீர்கள், இருட்டில்தான் விஷயம் இருக்கிறது. விளக்குகள் எல்லாம் அணைந்த கோவிலுக்கு வெளியே நெருப்பு மூட்டியிருப்பார்கள். கிட்டே போய் நில்லுங்கள். பெரிய பாஸ்கா திரியில் குருவானவர் சிலுவையையும், கிரேக்க அகரவரிசையின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களையும் கீறுவார், ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார். பின்வரிசையில் நிற்பவருக்கு இது எதுவும் தெரியாது. பிறகு அந்த ஒரே சுடர் உள்ளே போகும், மூன்று இடங்களில் நிற்கும். அதிலிருந்து ஒருவர் திரியிலிருந்து ஒருவர் திரிக்கு என்று வெளிச்சம் பரவும். எரியும் திரியை நேராகப் பிடித்து, அணைந்த திரியைச் சாய்த்துப் பற்றவையுங்கள், மெழுகு கையில் சொட்டாது.

அடுத்து வருவது பாஸ்கா புகழுரை. தனியொருவர் வாத்தியம் இல்லாமல் பாட வேண்டிய நீண்ட பாட்டு. லத்தீன் மூலத்தில், திரிக்கு மெழுகு தந்த தேனீக்களுக்குக்கூட அதில் ஒரு பாராட்டு உண்டு. அப்புறம் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள், படைப்பில் தொடங்கும். நேரமில்லை என்று மூன்றோடு முடிக்க அனுமதி இருக்கிறது. ஆனால் செங்கடலைக் கடக்கும் யாத்திராகம வாசகத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. பெரும்பாலான பங்குகள் மூன்றோடு நிறுத்திவிடுகின்றன. ஏழும் வாசிக்கும் கோவிலைக் கண்டுபிடித்தால் அங்கே போய்விடுங்கள். கால் வலித்து, தூக்கம் கண்ணைச் சொக்கி, எப்போது முடியும் என்று தோன்றும் அந்த நேரத்துக்குத்தான் வானவர் கீதம் காத்திருக்கிறது. அது தொடங்கியதும் வியாழக்கிழமையிலிருந்து ஊமையாக இருந்த மணிகள் எல்லாம் அடிக்கும், விளக்குகள் எரியும். பல ஊர்களில் திரைக்குப் பின்னாலிருந்து உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் வெடிச் சத்தத்தோடு மேலெழும். எல்லாரும் அதைப் பார்க்கையில் நீங்கள் மணிக்கயிற்றைப் பிடித்திருக்கும் பையனைப் பாருங்கள். இரண்டு நாளாக அடிக்காதே என்று மிரட்டிவைத்த கை அது. சற்றுப் பொறுத்து அல்லேலூயாவும் திரும்பும், மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏறும் சுருதியில்.

திருவருகைக்காலம் இதன் தம்பி. நவம்பர் 30-ஐ ஒட்டிவரும் ஞாயிறில்தான் திருச்சபைக்குப் புத்தாண்டு. அங்கிருந்து நாலு ஞாயிறு ஊதா, வானவர் கீதம் இல்லை, ஆனால் அல்லேலூயா உண்டு. துக்கத்துக்கும் காத்திருப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு பாட்டில் இருக்கிறது. நம் ஊர்களில் இந்தக் காலத்தை நாமே கெடுத்துக்கொள்கிறோம் என்பது என் ஆதங்கம். டிசம்பர் பிறக்கும்போதே கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் தாத்தா, கேக். 24-ஆம் தேதி இரவு வரும்போது பாதிப் பசி அடங்கிவிடுகிறது. குடிலில் மாட்டையும் கழுதையையும் வைத்துவிட்டு, குழந்தை இயேசுவை நடுராத்திரி வரை அலமாரியில் பூட்டிவைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மூவரசர்களை டிவி மேலே நிறுத்தி, தினம் கொஞ்சம் குடில் பக்கம் நகர்த்தி, அவர்கள் திருநாளன்று கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அப்படி ஒரு வீடு தெரிந்தால் டிசம்பரில் இரண்டு தடவை போய்வாருங்கள். கிறிஸ்துமஸ் கேக் காய்வதற்குள், 26-ஆம் தேதி, உடுப்பு சிவப்பாகிவிடும். கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் திருநாள்.

பத்து நாள் ஊர்த் திருவிழாவும் இதே கணக்கில்தான் நடக்கிறது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். காவி உடுத்தி நாள் கணக்கில் நடந்துவருபவர்கள் கடைசி நாளுக்காக வருவதாகத் தோன்றும். எனக்கோ கொடியேற்றம்தான் கணக்கு. கொடி கம்பத்தின் உச்சியைத் தொடும் வரை கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். சின்ன ஊர்களுக்குப் போனால், ஒன்பது நாள் நவநாளில் நடுவில் ஏதாவது ஒரு நாள் போங்கள். மறையுரைக்கு வெளியூர்ச் சாமியார் வந்திருப்பார், கூட்டம் இருக்காது, சப்பரத்துக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருப்பவர்களோடு பேசலாம். பத்தாம் நாள் இரவு சப்பரங்கள் வரும்போது வரிசையைக் கவனியுங்கள். பல ஊர்களில் முன்னால் வாளோடு மிக்கேல் சம்மனசு, நடுவில் மற்றவர்கள், கடைசியில் ஊர்ப் பாதுகாவலர். யாருக்காகத் திருவிழாவோ அவர்தான் கடைசியில் வருவார். உப்பும் மிளகும் சப்பரத்தில் வந்து விழும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், பாட்டு ஒன்றும் காதில் விழாது.

தூத்துக்குடி பனிமய மாதாவின் தங்கத்தேர் இதில் உச்சம். திருவிழா வருடந்தோறும் ஆகஸ்ட் 5-இல் முடியும், தங்கத்தேர் வருடந்தோறும் வராது. 2013-இல் ஓடியது, அடுத்து 2023-இல். 2013 தேர் போன கையோடு பிறந்த பிள்ளைக்குத் தேரைக் காட்ட, அது நாலாங்கிளாஸோ அஞ்சாங்கிளாஸோ படிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மட்டும் என் முதல் விதி செல்லாது. அன்றைக்கே போகலாம், ஆனால் காலையிலேயே போங்கள். மண்வெட்டி, சுண்ணாம்பு வாளி, செவ்வந்திப் பூக் கூடை என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். தாத்தா கல்லறைமேல் குழந்தைகள் உட்கார்ந்து இட்லி சாப்பிடும். பெயர் எழுத்துகளுக்குக் கறுப்பு பெயின்ட் தீட்டும்போது, இவர் யார், எப்படிச் செத்தார் என்ற கதைகள் வெளியே வரும். சாயங்காலம் குருவானவர் மந்திரித்த தண்ணீர் தெளிப்பது அழகுதான், ஆனால் பேச்செல்லாம் அதற்குள் முடிந்திருக்கும்.

கிறிஸ்தவர் அல்லாதவர் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நற்கருணை வாங்க மட்டும் வரிசையில் நிற்காதீர்கள், அது ஞானஸ்நானம் பெற்று முதல் நற்கருணை வாங்கியவர்களுக்கு உரியது. கோவிலுக்குள் வெறும் காலோடு நுழைவதா, செருப்போடா என்பது ஊருக்கு ஊர் மாறும், வாசலைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தோனியார் கோவிலில் போடும் அசனச் சாப்பாட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. பந்தியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் முதல் பந்திக்கே போய்விடுங்கள்.