எள்ளலும் இளிவும்: ஒரு சனிக்கிழமைத் தண்டனை

எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறவந்த தொல்காப்பியர், நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அது பிறக்கும் களங்கள் என்றார். அடுத்து நிற்கும் அழுகைக்கோ இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன களங்கள். ஒருவன் எள்ளி நகைக்குமிடத்தில் மற்றொருவன் இளிவுற்று வாடுகிறான். நகைப்பவனுக்கு எள்ளலாக இருப்பதே நகைக்கப்படுபவனுக்கு இளிவாகிறது. பள்ளி வாழ்வில் இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் நாள்தோறும் நிகழ்வதை நகைச்சுவை வழியாகவே காட்டிய அமெரிக்கத் திரைப்படம் 'தி பிரேக்பாஸ்ட் கிளப்'.

ஜான் ஹியூஸ் எழுதி இயக்கிய இப்படம் 1985ஆம் ஆண்டு வெளிவந்தது. இல்லினாய் மாநிலத்தில் அவர் கற்பனையாகப் படைத்த ஷெர்மர் என்னும் ஊரே கதைக்களம். 1984 மார்ச் 24, சனிக்கிழமை. ஐந்து மாணவர்கள் காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை பள்ளி நூலகத்தில் அடைந்திருக்க வேண்டும் என்பது தண்டனை. துணைத் தலைமையாசிரியர் வெர்னன் ஒரு வேலையும் கொடுக்கிறார்: தாம் யார் என்பது பற்றி ஒவ்வொருவரும் 1,000 சொற்களுக்குக் குறையாத கட்டுரை எழுத வேண்டும்.

கதை இவ்வளவே. சண்டைக் காட்சி இல்லை. வெளியூர்ப் பயணம் இல்லை. பெரும்பகுதி ஓர் அறைக்குள்ளேயே நடைபெறுகிறது. ஆயினும் சலிப்புத் தோன்றவில்லை. முற்பகலில் எள்ளலாகத் தொடங்கும் பேச்சு, பிற்பகலில் தரையில் வட்டமாக அமர்ந்து தத்தம் இளிவை எடுத்துரைக்கும் பேச்சாக மாறுகிறது. அம்மாற்றமே படத்தின் உயிர். மற்போர் வீரன் ஆண்ட்ரூ, மெலிந்த மாணவன் ஒருவனை உடைமாற்றும் அறையில் இழிவுபடுத்தியவன். தந்தையின் மதிப்பைப் பெறவே அதைச் செய்ததாகக் கூறி அவன் அழுகிறான். நன்கு படிக்கும் பிரையன், கைத்தொழில் வகுப்பில் செய்த யானை விளக்கு எரியாமற்போனதால் தோல்வியுற்றவன். அவன் பள்ளிப் பெட்டியில் இருந்தது தீப்பொறி வீசும் துப்பாக்கி. துப்பாக்கி என்று கேட்டு அடங்கியவர்கள், அது தீப்பொறி வீசும் துப்பாக்கி என்று அறிந்ததும் சிரிக்கின்றனர். ஒரு மதிப்பெண் உயிரை மாய்க்கும் எண்ணம்வரை ஒரு மாணவனைத் தள்ளக்கூடும் என்பதை இயக்குநர் உரத்த குரலில் சொல்லவில்லை. நகையின் நடுவே வைத்துவிட்டார்.

வெர்னன் பாத்திரம் ஆசிரியர்கள் கூர்ந்து நோக்கத்தக்கது. முரட்டு மாணவன் பெண்டர் எதிர்த்துப் பேசும்போதெல்லாம் ஒரு சனிக்கிழமையைக் கூட்டுகிறார். எட்டு வாரங்கள் சேர்ந்துவிடுகின்றன. பின்னர் அவனைத் தனியறையில் பூட்டி, தம்மை அடிக்குமாறு அறைகூவுகிறார். தந்தை சுருட்டால் சுட்ட தழும்பைக் கையில் சுமப்பவன் அவன். அத்தழும்பை மாணவர் காண்கின்றனர், ஆசிரியர் காணவில்லை. மாணவர் மாறிவிட்டனர் என்று வெர்னன் குறைபட்டுக்கொள்ளும்போது, மாறியவர் அவரே என்று துப்புரவுப் பணியாளர் கார்ல் திருத்துகிறார். பள்ளியின் உண்மையை அறிந்தவர் துடைப்பம் ஏந்தியவரே என்னும் முரண் நயமானது.

படத்திற்குக் குறைகளும் உண்டு. ஒதுங்கி வாழும் அலிசனுக்கு முகப்பூச்சுப் பூசி, தலைவாரி அழகுபடுத்திய பின்னரே ஆண்ட்ரூவின் அன்பு கிடைக்கிறது. புறத்தோற்றம் கொண்டு மனிதரை அளக்காதீர் என்று கூறும் படம் தன் கொள்கையைத் தானே மறந்த இடம் அது. பெண்டர் கிளேரைத் தொல்லைப்படுத்துவதும் வேடிக்கையாகவே கடந்து செல்கிறது. அங்கே எள்ளல் இருக்கிறது. இளிவு கணக்கில் வரவில்லை. கிளேராக நடித்த மோலி ரிங்வால்டே 2018இல் எழுதிய கட்டுரையில் இதனைச் சுட்டினார். 2016இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத்தக்க படங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்த்த படம் என்பதற்காக இக்குறைகள் மறைந்துவிடா.

இறுதியில் ஐவருக்காகவும் பிரையன் ஒருவனே கட்டுரை எழுதுகிறான். தம்மைத் தாம் விரும்பியவாறே ஆசிரியர் காண்கிறார் என்பதும், ஐவருள் ஒவ்வொருவரிடத்தும் மற்ற நால்வரின் இயல்பும் உண்டு என்பதும் அதன் கருத்து. மற்ற நால்வரும் இணை இணையாக நிற்க, எழுதும் சுமை படிப்பாளியின் தலையில் விழுகிறது. நட்பு மலர்ந்தும் பழைய வழக்கம் முற்றாக மாறவில்லை.

திங்கட்கிழமையும் நண்பர்களாக இருப்போமா என்று அவன் முன்னரே கேட்கிறான். இருக்கமாட்டோம் என்கிறாள் கிளேர். அந்தத் திங்கட்கிழமையைப் படம் காட்டவில்லை. அவ்வகையில் அது நேர்மையான படம். மறுவாய்ப்பு என்பது தண்டனைக் காலம் முடிந்ததும் தானே கைக்கு வருவதன்று. நண்பர் நடுவே நிற்கும்போது நேற்றுவரை நகைத்த ஒருவனைப் பெயர் சொல்லி அழைக்கும் துணிவில் அது பிறக்கிறது. நீ யார் என்று வினவும் ஆசிரியருக்கும் ஒரு கடமை உண்டு: விடையைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். அவ்வாறு படிக்க மனமில்லாதவர் அவ்வினாவை எழுப்புவதும் ஒருவகை எள்ளலே.