சாஸின் லாக்

மருந்துப் பரிசோதனைத் தரவை அலசி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்கு அட்டவணைகளாக அனுப்புகிறவர்களுக்கு சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருள் பழைய கூட்டாளி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவசாயத் தரவுக்காகப் பிறந்தது. 1976-இல் தனி நிறுவனமானது.

எனக்குப் பிடித்தது அதன் லாக், அதாவது நிரல் ஓடியதைப் பற்றி அது எழுதும் பதிவேடு. எத்தனை வரிசை உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று கணக்குப்பிள்ளை போல எழுதிவைக்கும். பிழை சிவப்பு, எச்சரிக்கை பச்சை. நான் முதலில் தேடுவது நீலக் குறிப்புகளைத்தான். நிரல் தடங்கலின்றி ஓடியிருக்கும். எழுத்தை எண்ணாக மாற்றிவிட்டதாக அங்கே ஒரு வரி சத்தமில்லாமல் கிடக்கும்.

ஆனால் பொறி ஒன்று உண்டு. விடுபட்ட எண்ணை சாஸ் ஒரு புள்ளியாக வைத்து, எல்லா எண்களையும்விடச் சிறியதாக எடுத்துக்கொள்ளும். 'வயது 18-க்குக் கீழ்' என்று கேட்டால், வயதே பதியாத தாத்தாவும் குழந்தைகளோடு வந்து நிற்பார். அதற்கு மட்டும் லாக் வாய் திறக்காது.