விளக்கணைந்த பின்

மின்சாரம் போனதும் மாடிப்படியோரத்து அவசர வழிப் பலகை வெளிர்பச்சையாக ஒளிரும். மின்கம்பி கிடையாது, பேட்டரி கிடையாது. அறை வெளிச்சத்தை வாங்கிவைத்துக்கொண்டு கொஞ்சங்கொஞ்சமாகச் செலவழிக்கிறது.

அந்தச் சிக்கனம் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற பொடியின் குணம். 1990களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கியது. ஒளிர்வது அதில் கலந்த யூரோப்பியம். துளியூண்டு டிஸ்ப்ரோசியம் சேர்ந்ததும் ஒளிர்வு நீள்கிறது. படிகத்தின் குறைகளில் சிக்கிய எலக்ட்ரான்களை அறைச்சூடே ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. பழைய துத்தநாக சல்ஃபைடு சில மணி நேரத்தில் மங்கிவிடும். இதுவோ விடியும்வரை தாங்கும். கடிகார முட்களிலிருந்து கதிரியக்கப் பூச்சு விலகவும் இதுவே வழிவிட்டது. எவ்வளவு நல்ல வேலை!

தண்ணீர் பட்டால் மட்டும் பாழாகிவிடும். நானோ அளவுக்குக் குறுக்கினால் ஒளியும் குறையும்.

அதனால் உடலுக்குள் ஒளிரும் துகளைத் தேடிய பாரிஸ் ஆய்வாளர்கள் சிலிக்கேட் நானோதுகள்களை நாடினார்கள். அவற்றுக்கு வெளியிலேயே புற ஊதா ஒளியூட்டி, எலியின் உடலுக்குள் செலுத்தி, தோலைக் கடந்து வந்த ஒளியைப் படம்பிடித்து 2007இல் வெளியிட்டார்கள்.