கூத்தரங்கும் சூழற்பேணலும்

அரங்கக் கலைகள் சூழலுக்குக் கேடு விளைத்தலாகாது என்னும் குரல் இன்று பல நாடுகளிலும் எழுகின்றது. அதனை வழிமொழிவாருட் சிலர், நம் பழங்கூத்து முழுவதும் தீங்கற்றதே எனத் துணிந்துரைப்பர். இத்துணிபு ஆராயத்தக்கது.

மஞ்சக்குப்பம் முதல் சிதம்பரம் வரையுள்ள ஊர்களில் திரௌபதியம்மன் விழாக்களை ஒட்டி நிகழும் பாரதக் கூத்தினை நோக்குவோம். அதற்குத் தீட்டிய காட்சித்திரைகள் இல்லை. இருவர் பிடிக்கும் ஒரு துணியே வேடத்தின் வருகைக்குப் போதும். முடியும் புயக்கட்டையும் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தாற் செதுக்கப்படுவன. ஒரே கட்டை பல கதைகளுக்கும் பல்லாண்டுகளுக்கும் உதவும். ஓரிரவிற்கெனச் செய்து எறியப்படுவது அருகியே காணப்படும். தூணின் நிழல் அரங்கிற் படாதவாறு விளக்கினை நிறுத்துமாறு சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறுவதும் இந்நெறியே. விளக்கைப் பெருக்குதலன்று, இடத்தைத் தேர்தல்.

ஆயின் ஒப்பனை? இன்று எப்பூச்சினையும் அரிதாரம் என்கிறோம். அச்சொல் குறித்தது கந்தகமும் ஆர்சனிக்கும் கூடிய மஞ்சட் கனிமத்தை, அது நஞ்சு. பழமையுடையது என்பதனால் அது தீங்கற்றதாகுமோ? தீவட்டிப் புகையும் ஆடுவோர் மூச்சுக்கு நன்றன்று. ஆதலின் மின்விளக்கு வந்ததே கேடு என்பாரோடு யாம் உடன்படேம். கூத்தின் சிறப்பு அதன் பழமையிலன்று, சிக்கனத்திலேயே உள்ளது.

அச்சிக்கனத்திற்கு அடியாகிய கல்யாண முருங்கையை, 2005ஐ அடுத்த ஆண்டுகளில், இலையில் முடிச்சுண்டாக்கும் சிறுகுளவி தென்னிந்தியாவில் தாக்கியது. கட்டை செதுக்குவோர்க்கு இனி மரம் எங்கிருந்து வரும் என்னும் வினாவை யாம் கண்ட புகழுரைகள் எழுப்பவில்லை.