கன்றை யாரிடம் ஒப்படைப்பது?

இளையோருக்கான கவிதை நாவல் என்றாலே மேல்நாட்டுப் புதுச்சரக்கு என்று பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மைசூர் தேவராஜ மொஹல்லாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. கன்னடப் பாடத்தில் ‘கோவின ஹாடு’, தமிழ்ப் பாடத்தில் மணிமேகலை என்று செய்யுளில் சொன்ன இரண்டு துக்கக் கதைகள் அதன் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. நாட்டுப்பாடல், காப்பியம், இன்றைய புதுக்கவிதை நாவல் என்று இந்த மரபில் மூன்று பள்ளிகளைப் பார்க்கிறேன். மூன்றுக்கும் உரைகல் ஒன்றே. புதிய உறவு வந்ததும் பழைய துக்கம் மாயமாகிறதா, கூடவே நடந்து வருகிறதா? மாயமானால் அது வெறும் ஆறுதல் வியாபாரம்.

எழுதியவர் பெயர் தெரியாத ‘கோவின ஹாடு’வில், புலியிடம் சிக்கிய புண்ணியகோடி என்ற பசு, கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதாக வாக்குக் கொடுக்கிறது. இனி யாரிடம் பால் குடிப்பது, யார் பக்கத்தில் படுப்பது என்று கன்று கேள்விகளை அடுக்குகிறது. பசு மற்ற பசுக்களைத் தாயாகவும் அக்கா தங்கையாகவும் அழைத்து, முன்னே வந்தால் முட்ட வேண்டாம், பின்னே வந்தால் உதைக்க வேண்டாம், உங்கள் கன்றாகவே பாருங்கள் என்று ஒப்படைக்கிறது. இதை உரைநடையில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். பாட்டிலோ ஒவ்வொரு வேண்டுகோளும் தனி அடியாக வருவதால், விடைபெறுவதற்கு ஆகும் நேரத்தைக் கேட்பவரும் அனுபவிக்கிறார். கடைசியில் பசு உயிரோடு திரும்புகிறதே, துக்கம் எங்கே என்று கேட்கலாம். பசுவை உடன்பிறந்தவளாகக் கண்ட புலிதான் வெட்கி உயிர்விடுகிறது. உறவு கிடைத்த அதே கணத்தில் ஒரு சாவும் விழுகிறது. பாட்டு அதை மறைக்கவில்லை.

மணிமேகலை இன்னும் நுட்பமானது. காதலன் கோவலன் கொலையுண்ட பின் துறவு பூண்ட மாதவி, தான் பெற்ற மகள் மணிமேகலையை அவன் மனைவி கண்ணகியின் மகள் என்றே அறிவிக்கிறாள். துக்கமே இங்கே புதுக் குடும்பத்தை உண்டாக்குகிறது. அடுத்து, மாலை தொடுக்கும் மணிமேகலையின் கண்ணீர் பூவின் மேல் விழுகிறது. மாலை தூய்மை இழந்தது, வேறு மலர் கொண்டுவா என்று மாதவி அனுப்ப, தோழி சுதமதி துணைக்குப் போகிறாள். மலர்வனம், அவளை விரும்பும் இளவரசன் உதயகுமரன், மணிபல்லவத் தீவு, அமுதசுரபிப் பாத்திரம் என்று மேற்கதை முழுவதும் அந்த ஒரு துளியிலிருந்து கிளம்புகிறது. 26ஆம் காதையில் வஞ்சி நகரில் கண்ணகி படிமத்தின் முன் மணிமேகலை நிற்கும்போதும் அந்தத் துயரம் தீர்ந்துபோகவில்லை. பிறந்தவுடன் கைவிடப்பட்டு, ஏழு நாள் ஒரு பசு பால் சுரந்து காத்த ஆபுத்திரன் கதையும் இதற்குள்தான் வருகிறது. பௌத்தப் பிரசார நூல் இளையோருக்கு எதற்கு என்ற ஆட்சேபம் பழையது. அதில் பாதி நியாயம் உண்டு: 29ஆம் காதையின் அளவையியலைப் பதினைந்து வயதில் யாரும் விரும்பிப் படிக்கப் போவதில்லை. அதற்காக முப்பது காதைகளையும் பரணில் ஏற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது பள்ளிக்கு நமக்கு நெருங்கிய உதாரணம், சென்னையில் பிறந்த பத்மா வெங்கட்ராமன் ஆங்கிலத்தில் எழுதி 2014இல் வெளிவந்த ‘எ டைம் டு டான்ஸ்’. விபத்தில் காலை இழந்த பரதநாட்டியக்காரி வேதா, செயற்கைக் காலோடு புதிய குருவிடம் மறுபடி ஆடக் கற்கிறாள். பாட்டியையும் இடையில் இழக்கிறாள். இவ்வகை நூல்கள் உரைநடையை மடக்கிப் போட்டவைதானே என்பார்கள். பல நூல்கள் அப்படித்தான், சந்தேகமில்லை. ஆனால் தாளமே வாழ்வாக இருந்த ஒருத்தி அதைத் தவறவிட்டுத் தேடும்போது, அடி முறிவது அவள் உடம்பின் நிலையையே காட்டுகிறது. வரிகளைச் சேர்த்தெழுதினால் எதுவும் குறையவில்லை என்றால் அது கவிதை நாவல் அல்ல. இந்தச் சோதனையை மணிமேகலையின் ஆசிரியப்பாவுக்கும் வைக்கலாம்.

தமிழில் இளையோருக்காக இப்படி எழுத வருபவர்கள் மேல்நாட்டு மாதிரிகளைப் படிக்கட்டும், தவறில்லை. அதற்கு முன் ‘மலர்வனம் புக்க காதை’யையும் ‘ஆபுத்திரன் திறம் அறிவித்த காதை’யையும் எளிய உரையோடு தனிச் சிறுநூலாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கப் பதிப்பாளர்கள் முன்வர வேண்டும்.