சரித்தால் வளரும் அலிஸ்

படமில்லாத புத்தகத்தைப் பார்த்துச் சலித்துப்போன ஒரு சிறுமியோடுதான் லூயிஸ் கரோலின் ‘அற்புத உலகில் அலிஸ்’ தொடங்குகிறது. 1865இல் வந்த அந்நூலுக்கு ஜோன் டெனியல் 42 சித்திரங்கள் வரைந்தார். 2010இல் ஐபேட் சந்தைக்கு வந்த கையோடு, அந்தச் சித்திரங்களையே அசையவைத்து ஒரு மின்னூல் வெளியானது. முயலின் கடிகாரம் ஊசலாடும். இராணிக்குப் பலகாரம் எறியலாம். கருவியைச் சரித்தால் அலிஸ் வீடளவு வளர்வாள், இல்லையென்றால் சுருங்குவாள்.

படம் அசைந்தால் வாசிப்பு அழிந்துவிடும் என்று புலம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. என் பிரச்சினை வேறு. கதையில் அலிஸின் உடம்பு அவள் சொற்கேட்பதில்லை. போத்தலில் இருந்ததைத் தானாகத்தான் குடிக்கிறாள், சரி. அதற்குப் பிறகு தலை முகட்டில் முட்டுகிறது, கை யன்னலுக்கு வெளியே போகிறது, ஒரு கால் புகைபோக்கிக்குள் நுழைகிறது. இது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கும் தெரியாது, வாசிக்கிற நமக்கும் தெரியாது. பன்னிரண்டு வயதில் தன் கைகால் திடீரென நீளுவதைப் பார்த்துக் கூசுகிற எந்தப் புள்ளைக்கும் இந்தப் பயம் விளங்கும். மின்னூலில் அது இல்லை. அலிஸின் வளர்ச்சி வாசகரின் கைப்பிடிக்குள் வந்துவிட்டது. கரோல் எழுதிய வசனத்துக்கு நேர் எதிரானதைப் படம் சொல்கிறது.

தரம் 7இல் ஒரு பிரிவுக்கு இந்த இடத்தை வாயால் சொன்னேன். “அப்ப அவ எப்பிடி சேர் வெளிய வாற?” என்று கேட்டார்கள். மற்றப் பிரிவுக்கு டெப்பில் காட்டினேன். “சேர், இன்னொருக்கா சரிங்க” என்றார்கள். அலிஸ் வெளியே வந்தாளா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அசைவு கருவியோடு பிறந்ததுமல்ல. 1871இன் இறுதியில் வந்த இரண்டாம் பாகத்தில் அலிஸ் கண்ணாடிக்குள் புகுகிறாள். ஒரே தாளின் முன்பக்கத்தில் அவள் உள்ளே போகிற படம், பின்பக்கத்தில் மறுபுறமாக வெளிவருகிற படம். தாளே கண்ணாடி! புரட்டுகிற விரல்தான் அவளைக் கடத்திவிடுகிறது. அந்தப் பக்கம் போனால் மணிக்கூட்டுக்கு ஒரு கிழவனின் சிரித்த முகம் முளைத்திருக்கிறது. கதையைத் தொடர எப்படியும் புரட்டத்தான் வேண்டும், அதற்காக வாசிப்பை நிறுத்தவேண்டியதில்லை. பின்னால் வந்த எத்தனையோ அச்சுப் பதிப்புகளே இதைக் கவனியாமல் அந்த இரு படங்களையும் பிரித்துப் போட்டிருக்கின்றன. உருட்டிப் படிக்கும் மின்னூல்களில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன, கல்யாண அல்பம் மாதிரி.

எங்கள் பழைய மாணவர் சிலர் வாசிகசாலைக்கு நூல்களுக்குப் பதிலாக டெப் வாங்கித் தரலாமா என்று கேட்கிறார்கள். தாருங்கள் என்பேன். ஆனால் உள்ளே என்ன போடுவது என்பதை விற்பனையாளர் தீர்மானிக்கக் கூடாது, ஓர் ஆசிரியர் ஒவ்வொரு நூலையும் முதலில் கடைசிவரை வாசித்துப் பார்க்கவேண்டும். எங்கே தொட்டால் எது ஆடும் என்று பார்ப்பதற்கல்ல, ஆடுகிற படம் பக்கத்திலுள்ள வசனத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு. தமிழில் இப்படியான நூல்களை ஆக்க முனைகிற நமது இளைஞர்களிடமும் ஒன்று கேட்பேன். அலிஸ் தாராளமாக வளரட்டும். புள்ளை டெப்பை எந்தப் பக்கம் சரித்தாலும், குலுக்கினாலும், அவள் நிற்காமல் வளரட்டும். நிறுத்த வழி அடுத்த பக்கத்தில் இருக்கட்டும், எழுத்தில்.